வெட்டச் சொன்ன வரிகள்

கமாலுதீன் பாய் இறந்துபோன செய்தியை எங்கள் ஆட்கள் திருத்தினார்கள். சாவுச் செய்தியில் எந்த வரி வேண்டாம், எங்கே முடித்திருக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இப்படி ஒரு கூத்து வேறு எந்தக் கூட்டத்திலாவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சலிக் கட்டுரையை இதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் அது அவரைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

நாங்கள் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்துகொண்டு குறுங்கதையும் வலைப்பதிவும் எழுதுகிறவர்கள். ‘அரைப்பக்கம்’ என்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் கதையைப் போடுவோம். அரைப்பக்கத்தைத் தாண்டக் கூடாது. முன்னுரை கூடாது. படித்தவர்கள் பாராட்டவும் கூடாது. கதையில் எந்த வரி வேண்டாத வரியோ அதை அப்படியே நகலெடுத்துப் போட்டு, பக்கத்தில் ‘வெட்டு’ என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். இந்த விதியைக் கொண்டுவந்தவர் பாய்.

அன்று ஞாயிறு காலை அவருடைய எண்ணிலிருந்து இப்படி வந்தது: “அத்தா இன்று காலை மௌத்தாகிவிட்டார்கள். தொழுதுவிட்டு வந்து டீ கேட்டார்கள். அம்மா சர்க்கரை இல்லாமல் போட்டுக் கொடுத்தது. பாதி குடித்துவிட்டு, மீதியை ஆறட்டும் என்று வைத்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வீடு காஜிமார் தெரு.”

பாய் இப்படியெல்லாம் எழுதக்கூடியவர். கல்யாணப் பத்திரிகை வடிவில் கதை எழுதியிருக்கிறார், ‘கடை எதிர்ப்புறம் மாற்றப்பட்டுள்ளது’ என்ற போர்டை வைத்து எழுதியிருக்கிறார், காணவில்லை அறிவிப்பாக எழுதியிருக்கிறார். ஆகவே எங்கள் ஆட்கள் வழக்கம்போல வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். டி. கல்லுப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் தவமணிதான் முதல் ஆள். “‘அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வீடு காஜிமார் தெரு.’ வெட்டு. டீ ஆறும்போதே கதை முடிந்துவிட்டது மாமா” என்று போட்டிருந்தார். இன்னொருவர் “‘சர்க்கரை இல்லாமல்’ வெட்டு. நோயாளி என்று காட்ட வேண்டியதில்லை” என்றார். மூன்றாவது ஆள் முதல் வரியையே வெட்டச் சொல்லி, மரணத்தைக் கடைசியில் வைத்தால் அதிர்ச்சி கூடும் என்று ஆலோசனை கொடுத்திருந்தார்.

நான் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டுப் போனைப் பார்த்தேன். கதை நன்றாக இருக்கிறதே என்றுதான் எனக்கும் தோன்றியது. தெருப் பெயர்தான் உறுத்தியது. ஊர், தெரு, கிழமை எதையும் பாய் தன் கதையில் போட மாட்டார். அதற்காகவே அவரோடு பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். உடனே கூப்பிட்டேன். போனில் கேட்டது அவர் குரல் இல்லை.

“ராணி தங்கச்சின்னு போன்ல வருது. நீங்களாக்கா?”

“ஆமா தம்பி. பாய் எங்க?”

“மெசேஜ் போட்டேனேக்கா. அத்தா போன்ல இருந்த எல்லா குரூப்புக்கும் போட்டேன். மத்த குரூப்பெல்லாம் துஆ செய்றாங்க. உங்க குரூப்புல மட்டும் வெட்டு வெட்டுன்னு வருது. எங்க அத்தா சாவுல எதையக்கா வெட்டணும்கிறீங்க?”

பேசியது அவருடைய மகன் அப்பாஸ். “வாரேன் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். குழுவில் “கதை இல்லை, நிஜம்” என்று எழுதியவுடன் எல்லோரும் தங்கள் கருத்தை அவசர அவசரமாக அழித்தார்கள். அழித்து என்ன பிரயோஜனம்? பையன் படித்துவிட்டானே.

பாயை நான் முதலில் பார்த்தது வலைப்பதிவர் சந்திப்பு ஒன்றில். தமிழில் வலைப்பதிவு எழுதுவது ஒரு காய்ச்சலாகப் பரவிய காலம் அது. நான் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வில்லாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பார்த்ததையெல்லாம் பதிவாக எழுதினேன். சந்திப்பில் ஒவ்வொருவரும் எழுந்து தன்னையும் தன் வலைப்பூவையும் கால் மணி நேரம் அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டையும் லேசாக நரைத்த தாடியுமாக ஒருவர் எழுந்தார். “கமாலுதீன். தையல் சாமான் கடை. பொத்தான், ஜிப், நூல் கிடைக்கும். அரைப்பக்கம்னு ஒரு வலைப்பூ. அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

டீ இடைவேளையில் என்னிடம் வந்தார். அங்கு வரப்போகிற எல்லோருடைய பதிவுகளையும் படித்துவிட்டு வந்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். “தங்கச்சி, உங்க பஸ் பதிவைப் படிச்சேன். மூணாவது பத்தியிலேயே நீங்க எறங்கிட்டீங்க. அதுக்கப்புறமும் பஸ்ஸு எதுக்கு ஓடிக்கிட்டு இருக்கு?” என்றார். முன்பின் தெரியாதவர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது பத்தியில் நான் இறங்கித்தான் இருந்தேன். அந்தக் கோபம் ஆற ஒரு வாரம் ஆயிற்று.

அந்தக் காலத்தில் பின்னூட்டம் போடுவதை மொய் என்போம். நீ எனக்கு ‘அருமை’ என்று எழுதினால் நான் உனக்கு ‘அபாரம்’ என்று எழுத வேண்டும். பாய்க்கு இது பிடிக்கவே பிடிக்காது. “கல்யாண வீட்டுக்குள்ள கால் வைக்காமலே மொய் வச்சுட்டுப் போறாய்ங்க தங்கச்சி” என்பார். அவர் ஒருவருக்குக் கருத்து எழுதினால் அந்த ஆள் எழுதியதைக் கடைசி எழுத்துவரை படித்திருக்கிறார் என்று அர்த்தம். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லோருடைய குப்பையையும் படித்தார். இதைக் குப்பை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, அதில் பாதி நான் எழுதியது. அத்தனை பேரையும் படித்தவரை நாங்கள் எத்தனை பேர் படித்தோம் என்று யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வலைப்பூக்கள் வாடி, எல்லோரும் வாட்ஸப்புக்கு வந்தபோது குழுவை ஆரம்பித்தோம். அவருடைய வலைப்பூவின் பெயரையே குழுவுக்கும் வைத்தோம். ஞாயிறு காலையில் மளமளவென்று கதைகள் விழும். கூடவே கட்டை விரல்களும் கைதட்டல்களும் விழும். இரண்டு நிமிடத்துக்குள் ஐந்து கதைக்குக் கைதட்டிய மகான்கள் எங்களிடம் உண்டு. கொஞ்ச நாள் பார்த்தார் பாய். ஒரு ஞாயிறு ‘மருமகள்’ என்ற தலைப்பில் ஒரு கதை போட்டார். “குளிர்ந்த நீரில் அலசவும். முறுக்கிப் பிழிய வேண்டாம். நேரடி வெயிலில் போட வேண்டாம். மற்ற துணிகளோடு சேர்க்க வேண்டாம். சாயம் போனால் நிறுவனம் பொறுப்பல்ல.”

குழுவே உருகிவிட்டது. குறியீடு அபாரம் என்றார்கள். கண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். “கடைசி வரியில் உறைந்துபோனேன் மாமா” என்றார் தவமணி. மதியம் பாய் ஒரு படம் அனுப்பினார். அவர் கடையில் விற்கிற லைனிங் துணியின் அட்டை. அதில் அச்சடித்திருந்ததைத்தான் எழுத்துப் பிசகாமல் எடுத்துப் போட்டிருந்தார். “மாப்ள, உறைஞ்சு போனது போதும், வெயில்ல வச்சுக் காயப்போடு” என்று தவமணிக்குப் பதிலும் எழுதினார். தவமணி இரண்டு வாரம் குழுவில் பேசவில்லை. தலைப்போடு சேர்த்தால் அது நல்ல கதைதான் என்று நான் வாதாடினேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் வெட்டு விதி. “பாராட்டுறதுக்குப் படிக்கணும்னு அவசியமில்ல. வெட்டுறதுக்குப் படிச்சுத்தான ஆகணும்?” என்றார். அது வேலை செய்தது. எங்களுக்குப் படிக்கும் பழக்கமே அப்போதுதான் வந்தது. எதைக் கண்டாலும் எந்த வரி அதிகம் என்று பார்க்கும் வியாதியும் சேர்ந்து வந்தது. கல்லூரிச் சுற்றறிக்கையில் வரி வெட்டி முதல்வரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. ஆனால் பாய் மட்டும் தன் கதையில் ஒரு வரியும் வெட்டியதாக எங்களுக்கு ஞாபகமில்லை. நாங்கள் சொல்லச் சொல்ல “பார்ப்போம்” என்பார். தானே கொண்டுவந்த விதிக்குத் தானே கட்டுப்படாத மனிதரை என்ன செய்வது?

இன்னொரு பிடிவாதம் இருந்தது. அதுதான் எங்களைக் கடைசியில் இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது. அவருடைய வலைப்பூவில் ஒரு கதை இருந்தது. ஒரு பெரியவர் பொத்தான் வாங்கக் கடைக்கு வருகிறார். கடைக்காரர் அட்டையோடு தருகிறார். பெரியவர் ஒரே ஒரு பொத்தானைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, மீதிப் பொத்தான்கள் தேவைப்படும் வரைக்கும் இந்தச் சட்டை தாங்காது என்கிறார். அதோடு கதை முடிந்துவிடும். யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தூக்கி, பெரியவருக்கு வெளிநாட்டில் ஒரு மகனைச் சேர்த்து, அந்த மகனை விமான நிலையத்தில் அழவைத்து, ‘நீதி: பெற்றோரைப் போற்றுவோம்’ என்று முடித்து, மேலே ஒரு ரோஜாப்பூ படமும் ஒட்டி அனுப்பிவிட்டார். தலைப்பு, நமக்கெல்லாம் தெரிந்த ‘படித்ததில் பிடித்தது’. எழுதியவர் பெயர் இல்லை. அது ஊரெல்லாம் சுற்றி, பாயின் சொந்த மைத்துனர் மூலமாக அவருக்கே வந்து சேர்ந்தது. கீழே “மச்சான், நீங்களும் இந்த மாதிரி எழுதிப் பழகுங்க” என்று மைத்துனர் அறிவுரை வேறு சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலமே பாய் வலைப்பூவை அடியோடு அழித்தார். அத்தனை வருடத்துக் கதைகளும் போயின. அதன் பிறகு குழுவில் மட்டும்தான் எழுதினார். நேராகக் குழுவிலேயே தட்டச்சு செய்வார், வேறெங்கும் பிரதி கிடையாது. ஞாயிறு போட்ட கதையைத் திங்கள் சாயங்காலம் எல்லோருக்குமாகச் சேர்த்து அழித்துவிடுவார். யாரும் சேமித்து வைக்கக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

“புத்தகமாப் போடுங்க பாய். பேரு போட்டு வந்துட்டா எவன் திருடுவான்?” என்று கடைக்கே போய்ச் சண்டை பிடித்திருக்கிறேன்.

“புத்தகமாப் போட்டா வாங்கி அலமாரியில வச்சுருவீங்க தங்கச்சி. நாளைக்கு இருக்காதுன்னு பயந்துக்கிட்டு இப்ப அன்னைக்கே படிக்கிறீங்கள்ல? அது போதும் எனக்கு.”

“உங்களுக்குப் போதும். எங்களுக்கு?”

“உங்களுக்கு என்ன, நீங்க படிச்சாச்சு” என்றார், ஜிப் கேட்டு வந்த தையல்காரரைப் பார்த்துக்கொண்டே.

இப்படிப்பட்டவரோடு எப்படிப் பேசுவது? அவர் போட்ட மற்ற விதிகளில் பாதியை நாங்கள் காற்றில் விட்டோம். அரைப்பக்கம் என்றால் தவமணி ஒன்றரைப் பக்கம் எழுதுவார். முன்னுரை கூடாது என்றால் நான் முன்னுரைக்கு ஒரு முன்னுரை போடுவேன். சேமிக்கக் கூடாது என்ற இந்த ஒரு விதியை மட்டும் அத்தனை பேரும் யோக்கியர்களாகக் காப்பாற்றித் தொலைத்தோம்.

அடக்கத்தன்று தவமணி பஸ் ஏறி ஓடிவந்தார். மையவாடிவரை போய் மண் தள்ளிவிட்டு வந்து, அப்பாஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “தெரியாமப் பண்ணிட்டோம் மாப்ள. மாமா எழுதுன கதைன்னே நெனச்சுட்டோம்” என்றார். அப்பாஸ் கையை உருவிக்கொள்ளவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். என்னிடம்தான் சொன்னான்.

“அத்தா வீட்டுக்கு வந்தா போனைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாரு. அம்மா பேசும், அவரு பாட்டுக்கு ‘ம்’ கொட்டுவாரு. இம்புட்டு வருசமா வீட்ல இருந்தவரு எங்க கூட இல்ல, உங்க கூடத்தான் இருந்தாரு. அப்படி என்னதான் எழுதுனாருன்னு நாங்க ஒன்னு கூடப் படிச்சதில்லக்கா.”

நாலைந்து நாள் கழித்து அவனே போன் செய்தான். கோபம் போகவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. “அம்மா கேக்குது. அத்தா எழுதுனதுல ஏதாவது ஒரு கதை வேணுமாம். அம்மா இத்தாவுல இருக்கு, வெளி ஆம்பளைங்களைப் பார்க்காது. நீங்க வந்து வாசிச்சுக் காட்ட முடியுமாக்கா?”

கணவனை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கிற காலம் இத்தா. குழுவில் அந்த வீட்டுக்குள் போகக்கூடியவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு கதை, அரைப்பக்கம். அது எங்கள் யாரிடமும் இல்லை.

குழுவில் தேடினோம். பல வருடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலும் அவர் பெயருக்குக் கீழே ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்றுதான் இருந்தது. அப்பாஸும் போனைக் குடைந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றான். ‘மருமகள்’ அட்டையின் படம் மட்டும் கிடைத்தது, அதில் பாய் சொந்தமாக எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்போம் என்றார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கண்டக்டர் கதையைத் தவமணி எழுதி அனுப்பினார். ‘கதிரவன் மேற்கே சாயும் வேளையில்’ என்று ஆரம்பித்திருந்தது. பாய் வாழ்நாளில் ஒரு கதையிலும் கதிரவனைச் சாயவிட்டதில்லை. கதையில் வந்தது கண்டக்டரே இல்லை, டிரைவர் என்றார் இன்னொருவர். பெண்ணா ஆணா என்பதிலேயே சண்டை வந்தது. வாராவாரம் வரி வரியாகப் படித்து வெட்டிய கூட்டத்துக்கு ஒரு கதைகூட முழுதாக நினைவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் குழுவைவிட்டே வெளியேறலாமா என்று இருந்தது. என்னாலும் ஒன்றும் முடியவில்லை என்பதால் பேசாமல் இருந்தேன்.

ஞாயிறு மதியம் பெரியார் பஸ் நிலையத்தில் தவமணி காத்திருந்தார். நான் உள்ளே போகும்போது வெளியே அப்பாஸோடு இருப்பதற்காக வந்திருந்தார். போனை நீட்டினார். ரோஜாப்பூவோடு பொத்தான் கதை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. முழுசா இருக்கிறது இது ஒன்னுதான். இதையாவது வாசிச்சுருங்க. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

“தவமணி, இதனாலதான அந்த மனுசன் அம்புட்டையும் அழிச்சாரு? செத்த பிறகு அவரு வீட்டு வாசப்படி ஏறிப் போயி அவரு சம்சாரத்துக்கிட்ட இதையவா வாசிக்கச் சொல்றீங்க? வாயை மூடுங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவமணி போனைப் பையில் போட்டுக்கொண்டார். காஜிமார் தெருவுக்கு நடந்தோம்.

பாயின் மனைவி மெஹருன்னிசா அக்கா உள் அறையில் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அதற்கு முன் ஓரிரு தடவைதான் பார்த்திருக்கிறார்கள். “வாம்மா. நீதான் ராணியா? உன் பேரை அவுக சொல்லுவாக. வாசி” என்று சொல்லிவிட்டுத் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். நான் வரும் வழியெல்லாம் தயார் செய்த பீடிகை எதுவும் அந்த முகத்துக்கு முன்னால் எடுபடாது என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னேன். கதை ஒன்றும் இல்லை, பாய் எல்லாவற்றையும் அழித்துவிட்டார், எங்களிடம் இருப்பது நாங்கள் எழுதிய கருத்துகள் மட்டும்தான் என்றேன்.

“கருத்துன்னா?”

“கதையில இந்த வரி வேணாம்னு நாங்க எடுத்துப் போட்டு எழுதுவோம்க்கா. அவர் கதையை அழிச்சாலும் நாங்க எடுத்துப் போட்ட வரி மட்டும் எங்க மெசேஜுல அப்படியே கெடக்கு.”

“வேணாம்னு சொன்னதுதான் மிச்சமா இருக்காக்கும்” என்றார்கள். கேலி இல்லை, வருத்தமும் இல்லை. வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாதவர்களாக, “சரி, இருக்கிறதை வாசி” என்றார்கள்.

எனக்கு அழுகையாக வந்தது. பதினைந்து இருபது வருடம் எழுதிய மனிதரின் வீட்டில் உட்கார்ந்து, அவர் எழுத்தில் குப்பை என்று நாங்கள் ஒதுக்கியதை வாசிக்கப்போகிறேன். போனைத் திறந்து கையில் வந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன். “‘பள்ளிக்கூடத்து மணி இரண்டு தடவை அடித்தது.’ வெட்டு” என்று முதல் வரி. அடுத்தது, “‘சாவியைத் தேடுற நேரத்துல என்னையத் தேடியிருந்தா நான் கெடச்சிருப்பேன் என்றாள்.’ கதைக்குச் சம்பந்தமில்லை. வெட்டு.” இது நான் எழுதிய கருத்து.

அக்கா நிமிர்ந்தார்கள். “இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னேன்.

“இது நான் சொன்னதும்மா. கடைச் சாவியை எங்கயோ வச்சுட்டு வீட்டையே கவுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாக. அப்ப சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

மேலே போனேன். “‘புள்ளைக்குக் காச்ச விட்டுருச்சு, எனக்குத்தான் இன்னும் விடல.’ உணர்ச்சி மிகை. வெட்டு” என்று தவமணி எழுதியிருந்தார். அப்பாஸுக்கு ஏழெட்டு வயதில் டைபாய்டு வந்ததாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கா அப்படிச் சொன்னார்களாம். அடுத்து வந்தது, “‘உப்பு இல்லைனு ஏசுறதுக்காச்சும் வாயைத் தொறங்க.’ நகைச்சுவை ஒட்டவில்லை. வெட்டு.” இதற்கு அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. “மழைக்கு முன்னால எறும்புக்குக்கூடத் தெரியுது” என்று ஒரு வரி வந்தது. “இது நான் இல்ல, எங்க மாமியா” என்று திருத்தினார்கள்.

எல்லா வரியும் அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன். பல வரிகள் நிஜமாகவே வேண்டாத வரிகள். ஆனால் கதையில் யாரோ ஒரு பெண் குறுக்கே வந்து ஏதோ பேசிவிட்டுப் போவாள், கதைக்கும் அதற்கும் ஒட்டே இருக்காது என்று நாங்கள் சலித்துக்கொண்டோமே, அந்த இடங்கள் அத்தனையும் அக்காவின் பேச்சு. டீக்கடைக் கதையிலும் பஸ் கதையிலும் கோர்ட் வாசல் கதையிலும் அவர்களை எப்படியாவது கொண்டுவந்து ஒரு வார்த்தை பேசவைத்திருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு வாரமும் தேடிப் பிடித்து வெட்டச் சொல்லியிருக்கிறோம். “பார்ப்போம்” என்று எழுதிவிட்டு, வெட்டாமல், கதையோடு அப்படியே அழித்திருக்கிறார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்? எங்களிடம் வேண்டாம், எங்களிடம் சொன்னால் அதையும் மிகை என்றிருப்போம். பக்கத்து அறையில் இருந்த இவர்களிடம் போனைத் திருப்பி ஒரு தடவை காட்டியிருக்கலாமே? எனக்கு உங்கள்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அஞ்சலிக் கட்டுரையில் இதை எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதுகிறேன்.

அப்பாஸ் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். அக்கா அவனைப் பார்த்துச் சொன்னார்கள்.

“கேட்டியாடா? இம்புட்டு வருசமும் நான் பேசுறதை உங்கத்தா காதுலயே வாங்கலைன்னு ஏசிக்கிட்டுல்ல இருந்தேன்.”

அவன் உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியே தவமணி தனியாக நின்றுகொண்டிருப்பது நினைவுக்கு வந்து, “அந்த அண்ணனுக்கு டீ குடுத்துட்டுத்தான் வந்தேன்க்கா” என்றான். முதன்முதலாக அவன் குரலில் கடுப்பு இல்லை.

அந்தி நேரத்து மஃரிப் பாங்கு கேட்டது. “இரும்மா, தொழுதுட்டு வாரேன். போயிராத” என்று அக்கா எழுந்து போனார்கள். நான் அந்த அறையில் தனியாக இருந்தேன். பாய், எங்களைப் படித்ததற்கு நன்றி. எங்களைப் படிக்கவைத்ததற்கும் நன்றி. உங்கள் கதையில் ஒன்றைக்கூடக் காப்பாற்றத் துப்பில்லாத கூட்டம் இது, மன்னித்துவிடுங்கள். போய் வாருங்கள்.

தொழுகை விரிப்பை மடித்து வைத்துவிட்டு அக்கா வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

“ம், வாசி. அடுத்து நான் என்ன சொன்னேன்?”